முன் அறையில் தங்கிய சம்பந்தி வீட்டுக் கோழிகள்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி வேலாயுதம் அவர்களுக்கு, கார்த்திகேசு கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ரமணியும் சுகம். கோழிகளின் சுகத்தைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். டெங்கிலில் நீங்களும் வீட்டம்மாளும் மாப்பிள்ளை ஜீவனும் எங்கள் மகள் குமுதாவும் நலமாயிருக்க வேண்டும்.

முதலில் நன்றி. போன மாதம் உங்கள் கையாலேயே வளர்த்த பெட்டைகளில் நல்லதாக மூன்றைப் பொறுக்கி, காலில் மஞ்சள் துணி கட்டி, சீர் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்து தந்தீர்கள். உங்கள் கார் தெருமுனை திரும்பியதும் குமுதாவிடமிருந்து போன். "அப்பா, மாமா குடுத்த கோழிய நம்ம கோழியோட உடனே விட்டுறாதீங்க. முப்பது நாள் தனியா வைங்க லா. சளி, கழிச்சல், பேன், எது இருந்தாலும் அதுக்குள்ள தெரிஞ்சிரும்." பின்பக்கம் சாக்கடை ஓரமாக ஒரு கூண்டு போடலாம் என்றேன். ரமணி பிடித்துக்கொண்டாள். "சம்பந்தி வீட்டுச் சீர லோங்காங் ஓரத்துலயா வைப்பீங்க? தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?" ஆகவே நீங்கள் வந்தால் படுக்கும் முன் அறையிலேயே பழைய நாளிதழ் விரித்து, காற்றாடியும் போட்டுத் தங்கவைத்தோம்.

குமுதாவின் சட்டப்படி முதலில் எங்கள் பழைய கோழிகள் ஆறுக்கும் தீனி வைத்துவிட்டுத்தான் புதியவற்றிடம் போக வேண்டும். செருப்பு வேறு, சட்டை வேறு, வெளியே வந்ததும் சவர்க்காரம். நான் மழைக்கோட்டும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, கதவை லேசாகத் திறந்து தட்டை உள்ளே தள்ளுவதைப் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா பார்த்துவிட்டார். "உள்ள யாரு தம்பி?" ரமணியோடு சேர்ந்து நானும் கோழிகளைப் பற்றி மரியாதையாகவே பேசப் பழகியிருந்தேன். "டெங்கில் சம்பந்தி வீட்டுலேர்ந்து வந்தவங்கக்கா, முப்பது நாளைக்கு வெளிய விடக்கூடாது" என்றேன். அன்று சாயங்காலமே எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எங்கள் வீட்டில் படுத்த படுக்கை என்று செய்தி. மறுநாள் கேட்டில் மூன்று வீட்டு ரசம் தொங்கியது. உங்களுக்கு வந்த நலம் விசாரிப்புகளுக்கெல்லாம் காரணம் இதுதான். சுங்கை பூலோ கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனைகூட நடந்ததாகக் கேள்வி. அதனால்தான் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேன். விசாரித்தவர்களிடம் கோபப்படாமல் சிரித்தீர்களாம், குமுதா சொன்னாள்; அதற்கும் நன்றி.

பன்னிரண்டாம் நாள் தும்மல் கேட்டது. ஓடிப்போய் முன் அறையைத் திறந்தால், உங்கள் மூன்றும் காற்றாடிக்குக் கீழே சொகுசாகப் படுத்திருந்தன. தும்மியது எங்களுடையது. முகம் வீங்கி, கண் ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஆறும் சுருண்டன. மருந்து கொடுத்தும் இரண்டு போய்விட்டன; குழி வெட்டும்போது, சொல்ல வெட்கமாயிருக்கிறது, அழுதுவிட்டேன். உங்களுடையதில் ஒன்று அப்படிப் போயிருந்தால் எந்த முகத்தோடு டெங்கில் வாசலை மிதிப்பேன்? உங்கள் கோழியிடமிருந்து நோய் வரும் என்று பயந்து பூட்டினோம். அந்தப் பூட்டுதான் எங்கள் நோயிலிருந்து அவற்றைக் காப்பாற்றியது. பிழைத்த நாலும் பார்வைக்குத் தேறிவிட்டாலும் நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்குமாம். உங்கள் மூன்றை அவற்றோடு எந்தக் காலத்திலும் சேர்க்கவே கூடாது என்று கால்நடை டாக்டர் இன்று காலை கண்டிப்பாகச் சொன்னார். பக்கவாட்டில் தனிக்கூண்டு கட்ட ஆள் சொல்லியாயிற்று. ரமணியிடம் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

மூன்றும் முட்டையிடத் தொடங்கிவிட்டன. ரசம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லி இரண்டிரண்டாகக் கொடுத்தோம். இதுவரை உங்கள் கோழிகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே பாருங்கள். பிள்ளைகள் இருவரும் குறையில்லாமல் வாழ எங்கள் ஆசி.

நன்றி மறவாத சம்பந்தி,
கார்த்திகேசு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பின்பக்கம் மணிச்சத்தம். இன்றோடு முப்பது நாள் முடிந்ததென்று ரமணி நல்ல நேரம் பார்த்து, ஆரத்தி சுற்றி, உங்கள் மூன்றையும் பழைய நாலோடு விட்டுவிட்டாள். நான் போவதற்குள் ஏழும் ஒரே சட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. டாக்டர் சொன்னதைச் சொல்லிக் கத்தினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "காலையிலயே ஏன் சொல்லல? நம்ம குமுதாவ சம்பந்தி வீட்டுல முதல் நாளே அடுப்படி வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. முப்பது நாள் அடைச்சா வெச்சாங்க? அத நெனச்சுத்தாங்க ஒரு நாள்கூடத் தாமதிக்காம விட்டேன்." மூன்றையும் பிடித்து மறுபடி முன் அறையில் அடைத்தாயிற்று. மேலே எழுதிய நன்றியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி. ஒரு தும்மல்கூட இல்லை என்ற வரியை மட்டும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.