முப்பத்துநாலு படிக்கு மேலிருந்து ஓர் ஆட்சேபணை

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் சொல்லிக்கொள்வது.

உன் வீட்டில் பெரிசு சிறிசு எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். உன் அக்காளும் சுகம், முழங்கால் நீங்கலாக. ஆனால் வியாழக்கிழமை பிளந்த என் வாய் இன்னும் மூடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டே, போன தடவை நீ மாடியில் செருப்பை உதறியபோது ஒன்று பறந்து போய் விழுந்ததே, அதே மனைதான். செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அதில் ஒரு தவளை குடியேறிவிட்டது, அது கிடக்கட்டும். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். அந்த மனையில் லாரிகள் வந்து திரும்பும்போது மேலே இருந்து, “வரட்டும், வரட்டும், ஒடிச்சு வா, போதும்” என்று சொல்வதுதான் இப்போது என் உத்தியோகம். என்னை யாரும் கூப்பிட்டதில்லை, ஆனால் ஒரு லாரியும் சுவரில் இடித்ததில்லை.

அந்த இடத்தில் முதியோர் குடியிருப்பு கட்டப்போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், திட்ட அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் படித்து முடிவெடுப்பார்கள் என்று கம்பத்தில் ஒட்டியிருந்ததைக் கீழ்வீட்டு முடிதிருத்துபவர் படித்துச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். மூன்று மாடி எழும்பினால் லாரி எங்கே திரும்பும்? எதிர் ஜன்னல் எல்லாம் கிழடுகளாக எட்டிப் பார்த்தால் மனுஷன் எப்படி உட்காருவது? எனக்கு எழுபத்துமூன்றுதான் ஆகிறது. உடனே தெருவில் இறங்கினேன். முடிதிருத்துபவரைத் தூசி வரும் என்று எழுத வைத்தேன். தையற்காரரைத் தண்ணீர் குறையும் என்று எழுத வைத்தேன். தூசியும் தண்ணீரும் அதுவரை அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

எனக்குத் தெரிந்த எழுத்து ஊர்ப்பலகையும் என் கையெழுத்தும்தான் என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வேன், உன் அக்காள் எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். இதையும் அப்படித்தான் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். அவள் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டாள். சுருக்கி எழுதுவது அவள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து ஒட்டிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். என் மனு வந்ததும் எழுந்து நின்றேன். அவர் படித்தார்:

“இந்தக் கட்டடம் சீக்கிரம் வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு முப்பத்துநாலு படி. என் மனைவி மண்ணில் கால் வைத்து ஏழு மாதம் ஆகிறது. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை வேண்டும்.”

கீழே என் கையெழுத்து. மச்சான், கூட்டமே கை தட்டுகிறது, நான் நின்றது நின்றபடி நிற்கிறேன். கட்டுகிற ஆள் அங்கேயே நாலாம் நம்பர் அறைக்கு எங்கள் பெயரை எழுதிக்கொண்டான். கட்டடத்துக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். முடிதிருத்துபவர் என் பக்கம் திரும்பி, “ஏண்ணே, எங்களையெல்லாம் எதிர்க்கச் சொல்லிட்டு நீங்க ரூம் போட்டுட்டீங்களா?” என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். என் தலைமுடி இனி காதை மூடப் போகிறது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்து முடித்து, மூடியைத் திருகிவிட்டுத்தான் சொன்னாள்.

“ரெண்டு பேரும் ஒரே மனையைத்தாங்க பார்த்தோம். நீங்க லாரியைப் பார்த்தீங்க. நான் தரையைப் பார்த்தேன்.”

அதற்கு என்ன பதில் சொல்வது? நானும் நாலு நாளாகத் தேடுகிறேன். அகப்பட்டால் எழுதச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான். வேறு யாரிடம் போவேன்? சொன்னபடியே எழுதணும் என்று எதிரில் உட்கார்ந்து காவல் காக்கிறேன். எழுதுகிறாளா, கோலம் போடுகிறாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காளுக்குப் புத்தி சொல்லி மனுவைத் திரும்ப வாங்க வை. என் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்தக் கட்டடத்து வாசலை மிதிக்க மாட்டேன்.

பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, படி குறைந்த வீட்டில் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. எல்லாம் அவர் சொன்னபடிதான், ஒரு எழுத்தை மாற்றவில்லை. கையெழுத்துப் போட்ட கையோடு சணல் கயிற்றால் எங்கள் கட்டிலை அளந்து முடிச்சுப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். கையில் புது ஆட்சேபணை ஒன்று: “வரைபடத்தில் நாலாம் நம்பர் அறையின் வாசல் ரெண்டு விரல் குறுகல். கட்டில் நுழையாது. ஜன்னல் லாரி போகிற பக்கம் இருக்க வேண்டும்.” அதையும் அவர் சொன்னபடியேதான் எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வா. புத்தி சொல்ல வேண்டாம், கட்டிலைத் தூக்க ஒரு கை பிடித்துப் பழகிக்கொள்.