ஜீப்பை இயக்கிக் காட்டுதல்

அரசாங்க உத்தியோகத்துக்கு நேர்முகத் தேர்வு வந்துவிட்டால் வீட்டுச் சுவர்கூட நிமிர்ந்து நிற்கும். பால்வண்டிக்காரியின் வீட்டுச் சுவரும் நின்றது. அவள் கணவன் தையற்காரன். அன்றைக்குச் சட்டை தைக்க வந்தவர்களிடமெல்லாம் அளவெடுப்பதற்கு முன்னால் மனைவிக்குத் தேர்வு வந்திருக்கும் செய்தியைச் சொன்னான். அரசு வாகன ஓட்டுநர் பணி. கேள்வி பதிலோடு, 'வாகனத்தை இயக்கிக் காட்டும் செய்முறைத் தேர்வும்' உண்டு.

"வண்டி ஓட்டத்தானே சொல்றாங்க? அதுக்கென்ன?" என்றாள் அவள். தினமும் விடியற்காலையில் பால் புட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஒன்றுகூட உடையாமல் ஊரைச் சுற்றி வருகிறவள்.

"அதான் பயமா இருக்கு," என்றான் தையற்காரன். "நீ பாட்டுக்கு நிஜமா ஓட்டித் தொலைச்சுடாதே."

நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். "பயிற்சி நிலையத்துக்குப் போகாம யாராவது அரசாங்க வேலைக்குப் போவாங்களா அண்ணி? இப்பல்லாம் மூச்சு விடறதுக்கே வகுப்பு நடக்குது."

பயிற்சி நிலையம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர், கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டுதான் ஸ்டியரிங். பயிற்சி ஆசிரியர் இதே வேலைக்குப் பலமுறை போய்த் தோற்றுத் திரும்பியவர், ஆகவே அனுபவசாலி.

"வண்டி எங்க சார்?" என்று கேட்டாள்.

"வண்டி இருந்தா கவனம் சிதறும்மா."

பிறகு விளக்கினார். "ஓட்டத் தெரியுமாங்கிறது அங்க யாருக்கும் வேண்டாம். ஓட்டற மாதிரி தெரியணும். கியர் போடும்போது முகத்துல ஒரு பொறுப்பு. திருப்பத்துல உடம்புல ஒரு சாய்வு. பின்னாடி அதிகாரி பேசினா, கண்ணாடியில பார்த்து ஒரு தலையாட்டல்."

முதல் வாரம் வகுப்பிலேயே அவள்தான் கடைசி. முகத்தில் பொறுப்பே வரவில்லை. பழக்க தோஷத்தில் பிரேக்கை நிஜமாகவே மிதித்து, முன் நாற்காலிக்காரரின் கணுக்காலை வீங்க வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து மிதித்து மிதித்துப் பழகினாள். தையற்காரன் அதிகாரியாகப் பின்னால் உட்கார்ந்து, கழுத்தில் அளவுநாடாவோடு, "ம்... வேகம் வேண்டாம்" என்றான். அவனுக்கும் அது பிடித்துப்போயிற்று.

ஒரு நாள் காலை, நிஜ வண்டியின் திருப்பத்தில் அவள் முகத்தில் பொறுப்பு வந்தது, உடம்பில் சாய்வு வந்தது, பின்னால் ஒரு பெட்டிப் பால் புட்டி சரிந்து நொறுங்கியது. பால் தெருவில் ஓடியது. ஆசிரியரிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

"முன்னேற்றம் தெரியுது," என்றார் அவர்.

தேர்வு நாள் வந்தது. அலுவலகப் பின்கட்டில், தகரக் கொட்டகையின் கீழ் ஜீப் நின்றது. நின்றது என்பதைவிட, செங்கல் அடுக்குகளின் மேல் அமர்ந்திருந்தது என்பதே பொருந்தும். சக்கரம் ஒன்றும் இல்லை. ஓட்டுநர் இல்லாததால் ஜீப் ஓடவில்லை. ஓடாததால் சக்கரம் தேவைப்படவில்லை. தேவைப்படாத பொருள் அரசாங்கத்தில் தங்குவதில்லை.

அவளுக்கு முன்னால் போன லாரிக்காரர், "சக்கரமே இல்லாம எப்படிங்க ஓட்டறது?" என்று கேட்டார். 'வாகனத்தை இயக்க மறுத்தார்' என்று எழுதி அவரை அனுப்பிவிட்டார்கள்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பெரிய அதிகாரியும் சின்ன அதிகாரியும் ஏறினார்கள். தொண்டை வரை வந்த கேள்வியை விழுங்கினாள். அரசாங்க வேலை, மாதம் தவறாத சம்பளம், மழையில் நனையாத தகரக் கொட்டகை.

"எங்க சார் போகணும்?"

"தலைமை அலுவலகம்," என்றார் பெரியவர்.

வாயாலேயே கிளப்பினாள். கியர் போட்டாள். திருப்பத்தில் சாய்ந்தாள், அதிகாரிகளும் சாய்ந்தார்கள். சின்னவர் ஜன்னல் வழியாகக் காற்று வாங்கினார். ஒரு குமாஸ்தா கையெழுத்துக்காக ஓடிவந்தார்.

"ஓடற வண்டியில எப்படிய்யா கையெழுத்துப் போடறது?" என்று பெரியவர் அதட்ட, குமாஸ்தா மூச்சு வாங்கியபடி பின்தங்கினார். நின்ற இடத்திலேயேதான்.

மனுக் கொடுக்க வந்த ஒருவர் ஜீப்பின் முன்னால் வந்து கும்பிட்டார். அவள் "பீம்! பீம்!" என்றாள். அவர் துள்ளி விலகி, சட்டையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வந்தாச்சு சார்," என்று கடைசியில் பிரேக் மிதித்தாள்.

பெரியவர் இறங்கி, இடுப்பில் கை வைத்து முதுகை நிமிர்த்தினார். "ரொம்ப தூரம். ஆனா அலுப்பே தெரியலை."

வேலை கிடைத்தது. பால்வண்டியைக் கொடுத்துவிட்டாள். தினமும் அதிகாரிகளைப் பல ஊர்களுக்கு அழைத்துப் போனாள். சில நாள் மாலையில் தாமதமாக வருவாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்பான் தையற்காரன்.

"வழியில ஒரே நெரிசல்," என்பாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் தெருவே திரண்டு அவள் வாசலுக்கு வந்தது. தெருவில் குழி, குழிக்குள் குழி. முறையிட்டிருந்தார்கள். பதில் வந்திருந்தது: 'தங்கள் தெருவை அதிகாரிகள் வாகனத்தில் நேரில் சென்று ஆய்வு செய்தனர். பயணத்தில் எவ்வித அதிர்வும் உணரப்படவில்லை. சாலை சிறப்பாக உள்ளது.'

"ஓட்டினது நீதானேம்மா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"நான்தான்," என்றாள். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கோபப்படுவார்கள் என்று தையற்காரன் பயந்தான். ஆனால் நாத்தனார்தான் கூட்டத்தின் சார்பில் முன்னால் வந்து, கெஞ்சும் குரலில் கேட்டாள்: "அண்ணி, அடுத்த தடவை நம்ம தெரு வழியாப் போகும்போது, கொஞ்சம் குலுக்கி ஓட்டுங்களேன்."

அவள் தெருவை ஒருமுறை நீளப் பார்த்தாள். முகத்தில் பொறுப்பு வந்தது.

"இந்தத் தெருவுலயா? இருக்கிற குழியில வண்டி இறங்கினா டயர் என்னத்துக்கு ஆகும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகப் பேசிக்கொண்டே, குழிகளைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குப் போனார்கள்.