வீட்டிலேயே இருக்கிற மருந்து

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, ஆடுகிற மாடிப்படிக் கைப்பிடி உட்பட யாவரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் வலது முழங்காலும் நலமா? போன வாரம் தொலைபேசியில் "மாமா, பணம் ஏதாவது வேணுமா?" என்று கேட்டீர்கள். வேண்டாம். பணம் அனுப்ப வேண்டாம். இந்த வரியை இரண்டு தடவை படித்துக்கொள்ளவும்.

நடந்தது இதுதான். மலத்தில் இரத்தம் கண்டு இரண்டரை மாதம் ஆகிறது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தே தீரவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். பரிசோதனைக்குக் காப்பீடு உண்டு. முந்தின நாள் குடித்துக் குடலைக் கழுவுகிற மருந்துக்குக் கிடையாது. வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவோம், சாவி உன் செலவு என்கிற மாதிரி. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து ஒரு தொகை சொன்னார். என் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு. எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். "அட, இதுவா? இது வீட்லயே இருக்கே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எந்த வீட்டில் இருக்கும், மச்சான், அது?

ஆகையால் சொந்த மூளையை உபயோகித்தேன். மூன்று நாள் வெந்நீர், விளக்கெண்ணெய், ஓட்டமும் நடையும். டாக்டர் கேமராவை விட்ட வேகத்தில் எடுத்துவிட்டார். "உள்ள ஒண்ணுமே தெரியல. மருந்தை முழுசா குடிச்சீங்களா?" "சொட்டு விடாம" என்றேன். அடுத்த தடவை இரண்டு பாட்டிலில் ஒன்றை மட்டும் வாங்கி, தண்ணீர் விட்டு இரண்டாக்கினேன். பாதி மருந்துக்குப் பாதிக் குடல்தானே சுத்தமாகும்? டாக்டர் பாதி வழியில் திரும்பிவிட்டார். பழியை என் குடல்மேல் போட்டார். அதுவும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

மூன்றாவது தேதி குறிக்கும்போது அங்கிருந்த நர்ஸம்மா மெதுவாக, "ஐயா, மருந்து வாங்கறதுல ஏதாவது சிரமமா?" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "சிரமமா? எங்களுக்கா?" என்றேன். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள் உங்கள் அக்கா என்று எழுத ஆசைதான், உங்களுக்குத்தான் அவளைத் தெரியுமே. "வாங்க முடியலம்மா. சொல்ல வெக்கப்படறார். எனக்கு இந்த மனுஷன் வேணும்" என்று என் பக்கத்தில் நின்றவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

நர்ஸம்மா கீழ் இழுப்பறையைத் திறந்து, அதே மருந்து இரண்டு பாட்டிலும் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "கம்பெனிக்காரங்க இலவசமா குடுத்தது. இதுதான் கடைசி. இது இல்லேன்னாலும், சொன்னா இதே வேலை செய்யற விலை கம்மியான பவுடரை டாக்டர் எழுதித் தருவார். முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க முதல்லயே கேட்டிருக்கலாமே?"

"கேக்கறவங்களுக்குக் குடுக்கறதுதான் இங்க வழக்கம், ஐயா."

எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர்வரி வாங்குகிற ஜன்னலில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன் நான். வரிச்சலுகை விண்ணப்பம் என்னிடமும் கீழ் இழுப்பறையில்தான் இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். கேட்காமல் தலை குனிந்து நின்றவர்களைப் பார்த்து "அடுத்து" என்றேன். வீடு வந்து சேருகிறவரை உங்கள் அக்கா இதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

போகட்டும். வியாழக்கிழமை பரிசோதனை. பொட்டலம் இதோ என் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. எனவே கவலையை விடுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கள் துணைவியாருக்கு வணக்கம். முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
யாரிடமும் எதற்கும் கை நீட்டாத
உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று கேட்கப் பொட்டலத்தோடு மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருத்தர், சுவருக்கு வெள்ளையடிக்கிறவர், சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அதே மருந்து, அதே விலை. கேட்டதும் சீட்டை மடித்துக்கொண்டு, "இது வீட்ல இருக்குங்க" என்றார். அந்த வீடு எனக்குத் தெரியும், மச்சான். இரண்டரை மாதமாக நான் அங்கேதான் குடியிருக்கிறேன். பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. அப்புறம் கடை வாசலில் நின்று நர்ஸம்மாவுக்கு நானே போன் பண்ணி, "என்னால வாங்க முடியாதும்மா" என்று சொன்னேன். அந்தப் பவுடருக்கு டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கித் தருகிறாளாம். பழைய விலையில் நாலில் ஒரு பங்குதான். இந்த மாதக் கடைசியில் அதுவும் கையில் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மேலே இரண்டு தடவை படிக்கச் சொன்ன வரியை மட்டும் அடித்துவிடுங்கள். வியாழக்கிழமைக்கு முன்னால் அடித்தால் நல்லது.