கள்ளிப்பொத்தையின் வற்றாத மூன்று கிணறுகள்

உலக வரலாற்றில் ஆளே இல்லாமல் முன்னேறிய ஊர் ஒன்று உண்டென்றால் அது எங்கள் கள்ளிப்பொத்தைதான். திருநெல்வேலிப் பக்கம் நாற்பத்திரண்டு வீடு. அதில் நாற்பத்தொன்று பூட்டிக் கிடக்கிறது. எல்லாம் டைல்ஸ் பதித்த வீடுகள். சொந்தக்காரர்கள் நாங்கள் மும்பைத் தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ‘சௌகரியமாக’ இருக்கிறோம். மிச்சமுள்ள ஒரு வீட்டில் முருகம்மாள் இருக்கிறாள். நாற்பத்தொரு வீட்டுச் சாவியும் அவள் இடுப்பில்தான்.

ஊர் எந்தப் பஞ்சாயத்திலும் சேர்த்தியில்லை. கிழக்கே கேட்டால் மேற்கே போ என்பார்கள். மேற்கே கேட்டால் கிழக்கே. ஆகவே குடிநீர்க் குழாய் வரவில்லை. முருகம்மாள் சைக்கிளில் குடங்களைக் கட்டி மூன்று கிலோமீட்டர் போய்த் தண்ணீர் கொண்டு வருகிறாள். அவள் மனுக்களைப் பார்த்து ஓர் ஆபீசருக்கு இரக்கம் வந்துவிட்டது. “இப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று உங்கள் சங்கத்தை வரலாறு எழுதித் தரச் சொல். ஏதாவது பஞ்சாயத்தில் சேர்த்துக் குழாய் போட்டுவிடலாம்.”

கூடியது ‘கள்ளிப்பொத்தை முன்னேற்றச் சங்கம், தாராவி’. இடம்: தலைவர் வெயிலுமுத்துவின் தோல்பைப் பட்டறை மாடி. எனக்கு அழைப்பில்லை. ஆனால் என் வீட்டுச் சன்னல் அதற்கு நேர் எதிரே. கையை நீட்டினால் தலைவரின் டீயை எடுத்துக் குடிக்கலாம். இதைவிடப் பெரிய அழைப்பு வேறென்ன?

“கஷ்டப்படுதோம்னு எழுதுனா கேவலம்லா?” என்றார் வெயிலுமுத்து. “மாட்டுங்கால இருக்க ஆபீஸ் உத்தியோகத் தமிழாளுங்க படிச்சா என்ன நினைப்பாவ? மொதல்ல எங்க தாத்தா கிணறு வெட்டுனதப் போடும்.”

செயலாளர் இசக்கிதுரைக்குக் குர்லாவில் வெல்டிங் பட்டறை. பொறி அவர் பேச்சிலும் பறக்கும். “அண்ணாச்சி, கிணறு வெட்டுனது எங்க பூட்டன். ஒங்க தாத்தா வெட்டுனது பள்ளம்.”

“பள்ளமா? வத்தாத கிணறுவே அது!”

“அப்ப எங்களுதும் வத்தாததுதான்!”

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. ஐந்தாவது வாரம் சமாதானம்: இரண்டு கிணறு, இரண்டும் வற்றாதவை. வரலாற்று நேர்மை என்று ஒன்று இருக்கிறதே! நான் சன்னலில் தலையை நீட்டி, என் மாமனாருக்கும் ஒரு கிணறு கேட்டேன்.

“வத்தாததா மைனி?” என்றார் எனக்குக் கொழுந்தன் முறையான இசக்கிதுரை.

“பின்ன?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

டைப் செய்துகொண்டிருந்த தலைவரின் மகள் ஷாலினி நிமிர்ந்தாள். “அரே பப்பா, மூணு கிணறு இருந்தா அந்த ஆன்ட்டிக்கு பைப் எதுக்கு? லாஜிக்கே நஹி ஹை.”

“வரலாறு எழுதும்போது குறுக்க பேசப்பிடாது தாயி. நீ டைப் பண்ணு.”

அப்போது போனில் முருகம்மாள். “அண்ணாச்சி, குடம் தூக்கி இடுப்பு ஒடியுது. அதையும் ஒரு வரி எழுதிருங்க.”

“எழுதலாம்மா. ஆனா விதி நாலு இருக்குல்லா!”

விதி நான்கு: சங்கத்தின் உரிமைகள் யாவும் தாராவியில் குடியிருப்போருக்கு மட்டுமே. அதாவது, ஊரில் இருப்பவர்கள் ஊரைப் பற்றிப் பேசக் கூடாது. எவ்வளவு தீர்க்கதரிசனம்!

புத்தகம் பளபளவென்று வந்தது. பக்கத்துச் சயானில் மண்டபம் பிடித்து, மேளதாளத்தோடு வெளியிட்டோம். ஒரு பிரதி ஆபீசருக்கும் போனது. துரதிர்ஷ்டவசமாக அவர் படிக்கிற ஆபீசர். பதில் வந்தது: “பக்கம் பதினேழின்படி மேற்படி ஊரில் வற்றாத கிணறுகள் மூன்று உள்ளமையால், குழாய் அவசியமில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.”

“அரசாங்கமே நம்ம கிணத்த ஒத்துக்கிட்டுது!” என்று தலைவர் அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். நான் கைதட்டினேன்.

அடுத்த மாதம் அம்மன் கோயில் கொடை விழா. ஆண்டுக்கு ஒருமுறை நாற்பத்தொரு குடும்பமும் ஊருக்கு வந்து இறங்கும் நாள். நாங்கள் வருமுன் முருகம்மாள் வீடுகளைத் திறந்து, பெருக்கி, வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீரும் வைத்திருப்பாள். நாங்கள் குளித்துவிட்டு, “ஊர்த் தண்ணி ஊர்த் தண்ணிதான்” என்போம்.

இந்த முறை அவள், சங்கம் கட்டிய ஊர் நுழைவு வளைவின் அடியிலேயே நின்றாள். தலைக்கு மேலே நன்கொடையாளர் பெயர்கள். காலடியில் வரிசையாக நாற்பத்தொரு காலிக் குடங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி, ஒரு குடம் கொடுத்தாள்.

“என்னம்மா, தண்ணி?” என்றார் வெயிலுமுத்து.

“பக்கம் பதினேழு அண்ணாச்சி. போய் மோந்துக்கிடுங்க.” என் பக்கம் திரும்பினாள். “மைனி, ஒங்க மாமனார் கிணறு எங்க இருக்கு? முன்னால போங்க, பொறத்தாலயே வாரேன். எனக்கும் ஒரு குடம் வேணும்.”

எனக்குத் திடீரென்று செருப்பு வார் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இசக்கிதுரை குழைந்தார். “முருகம்மா, அந்தச் சைக்கிளயாவது குடேன்.”

“குடுக்கலாம் அண்ணாச்சி. ஆனா விதி நாலு இருக்குல்லா! சைக்கிளு ஊர்ல குடியிருக்கவங்களுக்குத்தான்.”

மூன்று கிலோமீட்டர் வெயிலில், தலைவர் முன்னே, செயலாளர் பின்னே, நடுவில் நான், இடுப்பில் குடத்தோடு நடந்தோம். முன்னேற்றச் சங்கத்துக்கு இது முப்பத்தைந்தாவது ஆண்டு. எங்கள் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சங்கம் பார்த்தது அன்றுதான்.