தம்கட்டி அண்ணனைத் திட்டும் வேலை

விருத்தாசலத்துச் சூளைகள் விட்ட புகை மொத்தத்தையும் ஒரு தட்டில் வையுங்கள். எங்கள் தம்கட்டி அண்ணன் விடாமல் அடக்கி வைத்த மூச்சை மறு தட்டில் வையுங்கள். அண்ணன் தட்டுதான் தாழும். மிகை என்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பீங்கான் கம்பெனியில் அவர் சூளைக்காரர். நான் அங்கே பேக்கிங்கில் இருந்தேன். குடியிருந்தது அவர் வீட்டு மாடியில். செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. அண்ணன் தினமும் விடிந்ததும் வாசலில் தண்டால் எடுப்பார். மூச்சை இழுத்து, வாயை இறுக மூடி, ஒரே தம்மில் முப்பது. முகம் முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும்.

"மூச்ச வுட்டு எடுங்கண்ணே."

"காத்து போன டியூப்ப வச்சிக்கிட்டு எவனாவது சைக்கிள் ஓட்டுவானா? போடா!"

ஒருநாள் காலை அவருடைய வலது கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தமாக இருந்தது. கம்பெனி வாசலிலேயே யாரோ "மெட்ராஸ் ஐ!" என்று கத்த, ஆளாளுக்கு ஓட்டம். டீ மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆற்றியதில் பாதி டீ தரைக்குப் போனது. சூப்பர்வைசர் எங்கிருந்தோ ஒரு கூலிங்கிளாஸை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, "கண்ணு சரியாகற வரைக்கும் சூளைப் பக்கம் வராதீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் ஒடிந்து போனார். சூளையின் சிறு துளையில் கண்ணை வைத்து, நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்பவர் அவர். மீட்டர் இருந்தது. "மீட்டரு என்னிக்கி நெருப்பப் பாத்துச்சு?" என்பார்.

கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். "இது மெட்ராஸ் ஐ இல்ல. தம் கட்டி முக்கறப்ப ரத்த அழுத்தம் சட்டுன்னு எகிறும். அதுல கண்ணோட வெளிப்பக்கம் சின்ன ரத்தக்குழா ஒண்ணு வெடிச்சிருக்கு. ரெண்டு வாரத்துல தானா கரைஞ்சிடும். இதே உள்பக்கம் வெடிச்சா பார்வைக்கே ஆபத்து. கீழ போறப்ப மூச்ச இழுங்க, எழும்பறப்ப விடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "படிச்சவரு, பாவம். ஒரு தண்டால் எடுத்திருப்பாராடா?"

மறுநாளும் அதே மூடிய வாய். டாக்டர் சொன்னதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அண்ணி பார்த்தார். உள்ளே போய் ஸ்டூலை எடுத்து வந்து அவர் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு எடுத்தீங்களே, அத பொடவைன்னு எவனாவது சொல்லுவானா?"

அண்ணனுக்கு உயிரே போனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. எழும்பும்போதே, "அது பட்டுடீ!" என்றார். மூச்சு வெளியே வந்துவிட்டது!

அன்றுமுதல் முப்பது தண்டாலுக்கு முப்பது பதில். தெருவே இவர்கள் குடும்பம் பிரியப்போகிறது என்று பேசிக்கொண்டது. கண் வெளுத்தது. அண்ணன் சூளைக்குத் திரும்பினார்.

அப்புறம்தான் எனக்குச் சனி பிடித்தது. நல்லூரில் அண்ணியின் அம்மா விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். "நான் வர்ற வரைக்கும் நீதான் தம்பி திட்டணும். அவரு கண்ணு ஒங்கையிலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ் ஏறிவிட்டார்.

முதல் நாள் நடுங்கியபடி ஆரம்பித்தேன். "அண்ணே, ஒங்க லுங்கி... அவ்வளவா நல்லா இல்லிங்க." என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. மறுநாள், "வேப்பூர் பரோட்டா ஒரு பரோட்டாவா?" என்றேன். அவருக்குச் சொந்த ஊர் வேப்பூர். பதிலில் என் வம்சமே வந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்கடுத்த நாள், "மீட்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும்." அன்றைக்கு முப்பது தண்டாலுக்கு நாற்பது பதில்! தினமும் நல்லூரிலிருந்து அண்ணி மிஸ்டு கால் கொடுப்பார், கூப்பிட்டால் ஒரே கேள்வி: "திட்டுனியா?"

ஒன்பதாம் நாள் என் சரக்கு தீர்ந்தது. பதினேழாவது தண்டாலில் எனக்குப் பேச்சே வரவில்லை. அண்ணன் பாதியில் நின்றார்.

"என்னாடா நிறுத்திட்ட? திட்டுடா. மூச்சு வுடணும்ல?"

"அண்ணே! ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். டாக்டரு சொன்னாருன்னு மூச்ச வுட்டா எம்மானம் என்னாவறது?" எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "ஒங்கண்ணிகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா ஸ்டூல உள்ள எடுத்து வச்சிடுவா. கல்யாணம் ஆனதுலருந்து எம் பக்கத்துல ஒக்காந்து அவ இவ்வளவு நேரம் பேசினதே இல்லடா."

நான் சொல்லவில்லை. அண்ணி திரும்பி வந்த மறுநாள் காலை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஸ்டூலை அண்ணனே கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஒரு துண்டையும் மடித்து வைத்திருந்தார். முப்பதோடு நிறுத்துகிறவர், அன்றைக்கு ஐம்பது எடுத்தார்.