சம்பளம் கேட்காத குரல்

எரிமலை வெடிக்க இன்னும் ஒரு நொடிதான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெண் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து, "முடி கொட்டுதா? கவலையை விடுங்க!" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. புவியியல் ஆசிரியர் பாய்ந்து போய் விளம்பரத்தைத் தள்ளப் பார்த்தார். விரல் எங்கேயோ பட்டு, எரிமலை அடியோடு மறைந்து ஒரு குத்தாட்டம் வந்தது. கடைசி பெஞ்சு எழுந்து நின்று ஆட ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு ஜன்னல் பக்கம் வந்த தலைமையாசிரியை, ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போனார். அந்த அம்மாள் திட்டினால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். ஒன்றும் சொல்லாமல் போனால்தான் ஆபத்து.

அந்த அம்மாள் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து பள்ளிக்கூடமே தலைகீழாகக் கிடந்தது. இனிமேல் பாடம் என்றால் வீடியோ, இல்லாவிட்டால் பாட்காஸ்ட். சாக்பீஸைத் தொட்டவர் பழைய பஞ்சாங்கம். மற்ற ஆசிரியர்களுக்கு இது வெறும் தலைவலி. நம்மவருக்கு வாழ்வா சாவா. வருஷக்கணக்காகத் தற்காலிக ஆசிரியராகவே தேய்ந்துகொண்டிருந்தவர் அவர். இந்த முறை ஒரே ஒரு நிரந்தர இடம் இருந்தது. புது முறையில் யார் நன்றாக நடத்துகிறாரோ அவருக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

வீடியோ கைக்கு அடங்காது என்று தெரிந்ததும், பாட்காஸ்டில் இறங்கினார். பாடத்தைத் தானே பேசிப் பதிவு செய்து, வகுப்பில் ஒலிபெருக்கியில் போட்டார். முதல் பக்கம் முடிவதற்குள் பாதி வகுப்பு மேஜை மேல் கவிழ்ந்துவிட்டது. ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்த பியூன் வாசல்படியிலேயே குறட்டை விட்டார். பிள்ளைகள் இவருக்கு 'கொட்டாவி சார்' என்று பெயர் வைத்திருந்தது அதுவரை ரகசியமாக இருந்தது. அன்றைக்குக் கரும்பலகைக்கே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாளை நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் படியேன். பதிவு பண்ணணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "என்னங்க இது, கல்லைக் கடிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க? பசங்களுக்கு எப்படிப் புரியும்?"

"எழுதினதைப் படி. அது போதும்."

அவள் எழுதினதைப் படிக்கவில்லை. "அடுப்புல பால் பொங்குறதைப் பார்த்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்து, பூமிக்கு அடியில் இருக்கும் நெருப்பையெல்லாம் பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி சொல்லி முடித்தாள்.

சொல்லத் தெரியாமல் என்ன? அவளும் அதே கல்லூரியில் அதே பாடம் படித்தவள்தான். அவள் முதலாவதாக வந்தாள். இவர் எத்தனையாவது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில், "ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா வீட்டை யாரு பார்க்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டார். அதற்கு விடையாக அவள் இன்றுவரை சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. மணி அடித்த பிறகும், "சார், இன்னொரு தடவை போடுங்க சார்!" என்று ஒரே கூச்சல். பியூன்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். வாரக்கடைசிக்குள் பக்கத்து வகுப்புகளும் கேட்டு வாங்கிப் போட்டன. தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"அருமையா இருக்கு சார். யாரோட குரல் இது?"

'என் மனைவி' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவருக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் அறையில் என்ன சிரிப்பு சிரிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். அந்த நிரந்தர இடம் கண்ணெதிரே நழுவிப் போவதையும் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் குரல் மேடம். நான் எழுதிக் குடுக்கிறதை அப்படியே படிக்கும்."

"அப்படியா! நிஜப் பொம்பளை பேசுற மாதிரியே இருக்கே?"

"நான் கொஞ்சம் பழக்கி வச்சிருக்கேன் மேடம்."

"கேள்வி கேட்டா பதில் சொல்லுமா?"

அந்த நிமிஷம் அவர் நாக்கில் எந்தச் சனியன் உட்கார்ந்திருந்ததோ தெரியாது. "தாராளமா சொல்லும் மேடம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு வருது. அவங்க முன்னாடி செஞ்சு காட்டிடுங்க."

வெள்ளிக்கிழமை காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "இன்னிக்கு பசங்க போன்ல சந்தேகம் கேட்பாங்க. நீ பதில் சொல்லிடு. ஹலோ கிலோன்னு எதுவும் வேண்டாம். நேரா பதில்தான்."

"ஏங்க அப்படி?"

"சொன்னதைச் செய்யேன். எல்லாத்துக்கும் ஒரு ஏன்."

வகுப்பில், வீட்டுக்கு அழைத்துவிட்டுப் போனை மேஜை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்து, ஒலிபெருக்கியில் இணைத்து, பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் நிர்வாகக் குழு வரிசையாக உட்கார்ந்தது. பிள்ளைகள் கேட்டார்கள். குரல் பளிச் பளிச்சென்று பதில் சொன்னது. நடுவில் ஒரு நீண்ட விசில்.

"அது என்ன சத்தம்?" என்றார் குழுத் தலைவர்.

"ஒரு பதில் முடிஞ்சா அப்படி அடையாளம் காட்டும் சார்."

உடனே இன்னொரு விசில் வந்தது. குரல் அப்போதுதான் பேசவே ஆரம்பித்திருந்தது.

"இதுக்கு மாசம் எவ்வளவு செலவாகும்?" என்று தலைவர் அடுத்த கேள்வியைப் போட்டார்.

விசிலை மறக்கடிக்க ஒரு வழி கிடைத்ததே என்று நம்மவர் மூச்சு விடாமல் அளந்தார். "பைசா செலவு கிடையாது சார்! மெஷின்தானே? சம்பளம் கேட்காது, லீவு கேட்காது. சுயபுத்தி கிடையாது. சொன்னதைச் செய்யும். மூளையெல்லாம் என்னுது, அதுக்கு வெறும் வாய்தான்."

தலைவர் சிரித்தார். குழு முழுக்கச் சிரித்தது. ஒலிபெருக்கியில் மட்டும் சத்தமே இல்லை.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "எரிமலை எப்ப வெடிக்கும்னு முன்னாடியே தெரியுமா?"

இந்தத் தடவை குரல் நிதானமாக வந்தது. "உள்ளே ரொம்ப வருஷமா சேர்ந்துக்கிட்டே இருக்கும்மா. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. அது மேலயே வீடு கட்டிக் குடியிருப்பாங்க. அவங்களுக்குத்தான் கடைசியில தெரியும்."

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. நம்மவர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அன்று சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. தட்டு வைத்தாள், பரிமாறினாள், போதுமா என்று கேட்டாள். நல்லவேளை, காதில் விழவில்லை என்று நிம்மதியாகச் சாப்பிட்டார். கொஞ்சம் அதட்டலாகத் தண்ணீர்கூடக் கேட்டார்.

திங்கட்கிழமை, கடைசிப் பாடவேளை முடிந்ததும் அறைக்கு வரச் சொல்லித் தலைமையாசிரியையிடமிருந்து ஆள் வந்தது. நிரந்தர இடம் முடிவாகிவிட்டதாம். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில் அதுவரை ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சொல்லாமலே தேய்த்திருந்தாளே, அதிர்ஷ்டம் வரும்போது எல்லாம் சேர்ந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டார். தலையைச் சீவிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அறைக் கதவு சாத்தியிருந்தது. பியூன் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தள்ளுய்யா. மேடம் என்னைத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"கொஞ்சம் பொறுங்க சார். உள்ளே ஆள் இருக்கு."

"என்னைவிட முக்கியமான ஆளா? யாரது?"

பியூன் எழுந்திருக்காமலே சொன்னார்: "உங்க கம்ப்யூட்டர்தான் சார். சம்பளம் பேசிக்கிட்டிருக்கு."