‘மூடு’ பாட்டு குறித்துத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் மானம் மட்டும் நலமில்லை. நாளைக் காலை என் மேலதிகாரி, “அந்தப் பாட்டில் கத்துவது நீங்கள்தானா?” என்று கேட்டால் நான் என்ன சொல்வது? போனில் பேசினால் அதையும் நீ பதிவு செய்துவிடுவாய் என்பதால் கடிதம்.

இயந்திரச் சத்தத்தை வைத்து ராக் பாட்டு செய்கிறோம், உங்கள் குடிநீர் நிலையத்து பம்புகளைப் பதிவு செய்துகொள்கிறேன் என்று நீ கெஞ்சினாய். நானும் அங்கே சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிற தைரியத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். நீ மைக்கை நீட்டிய நேரம் பார்த்தா குழாய் வெடிக்க வேண்டும்? தண்ணீர், நான் சோதனைக்கு எடுத்து வைத்திருந்த மாதிரிப் புட்டிகளை நோக்கி வந்தது. வால்வுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஆபரேட்டரிடம், “மூடு! மூடுய்யா! மூடித் தொலை!” என்று கத்திவிட்டேன். யாரிடமும் ‘வாங்க, போங்க’ என்றே பேசுகிறவள் நான். வாழ்க்கையில் ஒருமுறை மரியாதை தவறினேன். அதை நீ பல்லவியாக்கிவிட்டாய்.

அதோடு விட்டாயா? ஊர்த் தண்ணீரைக் கெடுக்கும் தோல் தொழிற்சாலையை எதிர்ப்பவர்கள் அதன் வாசலில் உன் பாட்டை ஒலிக்கவிட்டு, ஆலையை மூடச் சொல்கிறார்கள். சரி, அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. நடன ரீமிக்ஸ் வந்ததும் பக்கத்து வீட்டு ஆசிரியையின் வகுப்பில் பிள்ளைகள் “மூடு, மூடு” என்று பாட, தன் வாயைத்தான் மூடச் சொல்கிறார்கள் என்று அவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அடுத்தது அந்த மெதுவான ரீமிக்ஸ். என் கத்தலை ரப்பர் மாதிரி இழுத்து, “மூ... டு...” என்றாக்கி, பின்னால் சாக்ஸபோன் வைத்து, ஒரு பெண்ணைப் பெருமூச்சு வேறு விடவைத்திருக்கிறாய். வால்வை மூடுவது எப்போதடா அந்த ‘மூடு’ ஆயிற்று? உன் அத்தான் முகச்சவரம் செய்துகொண்டே அதைத்தான் முணுமுணுக்கிறார். கேட்டால், “உன் குரல்ல இப்படி ஒரு குழைவு இருக்குன்னு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே” என்கிறார்.

அதுகூடப் போகட்டும். அந்த வீடியோ! கோட்டு போட்ட அதிகாரியைத் தொட்டிக்குள் உட்காரவைத்து, கறுப்புத் தண்ணீரை நிரப்பி, தொழிலாளர்கள் மேலே மூடியை வைத்து ஆணி அடிக்கிறார்கள். அந்த நடிகருக்கு வழுக்கையும் வட்டக் கண்ணாடியும் எதற்கு? அப்படியே என் மேலதிகாரி! தொலைக்காட்சியில் ஆளாளுக்குச் சண்டை போட்டார்கள், ஒரு சேனல் தடை செய்தது, தடை செய்ததும் பார்க்காதவர்களும் பார்த்தார்கள். அவரும் பார்த்துவிட்டார். சோதனைக்கூடத் தலைமைப் பதவிக்கான என் கோப்பு அவர் மேசையில்தான் கிடக்கிறது. குரலை எடுத்துவிடு என்று அன்றே கேட்டேன். “எங்க பாடகர் தொண்டை கட்டுற வரைக்கும் கத்திப் பாத்துட்டாருக்கா. உன்னோட எரிச்சல் அவருக்கு வரமாட்டேங்குது” என்றாய். இதில் பெருமை வேறு.

எல்லா வடிவங்களிலிருந்தும் என் குரலை உடனே நீக்கு. தொண்டையைப் பார்த்துக்கொள், முடிந்தால் காதையும். நீ நன்றாக இருக்க வேண்டும், கொஞ்சம் சத்தம் குறைவாக.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: குரல் இருக்கட்டும், எடுக்காதே. இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மறுநாள் வந்துவிட்டது. மேலதிகாரி அழைத்தார். “கவலைப்படாதீங்க மேடம். அது உங்க குரல் இல்லன்னு அறிக்கை எழுதிட்டேன். உங்களுக்கு ஏது அவ்வளவு சத்தம்? அதனாலதான் தலைமைப் பதவிக்கும் வேற ஒருத்தர யோசிக்கிறோம். பம்பு ஆளுங்கள சமாளிக்கணும் பாருங்க” என்றார். நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்கத்தான் நினைத்தேன். “அது என் குரல்தான் சார்!” என்று வந்துவிட்டது, வந்த வேகத்தில் வெளி அறையில் எல்லோருடைய பேச்சும் நின்றது. மாலையில் பதவி உயர்வு உத்தரவும், அலுவலக ஒழுங்கை மீறியதற்கான எச்சரிக்கைக் கடிதமும் ஒரே உறையில் வந்தன. இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.